புது கம்ப்யூட்டர் பழசோடு பேச மறுப்பது ஏன்?

மாலை நான்கு மணிக்கு மேல் ராயபுரம், மண்ணடி பக்கம் இருக்கும் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கப்பலின் ‘கட்-ஆஃப்’ நேரத்துக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போகாவிட்டால், அடுத்த கப்பல்தான். அந்த நேரம் பார்த்துத்தான் மூலை மேஜையிலிருந்து குரல் வரும்: “அண்ணே, பழைய சிஸ்டம் நெட்வொர்க்ல வரல!”

‘அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கவேண்டியதுதானே?’ என்று கேட்பது சுலபம். ஆனால், அந்தப் பழைய பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். கார்பன் வைத்து மூன்று காப்பி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரின் தடிமனான கேபிள் அதில்தான் மாட்டியிருக்கும். புது கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே இல்லை. பத்து, பதினைந்து வருடக் கணக்கும் அதற்குள்தான் இருக்கும். திருவொற்றியூர் லேத் பட்டறை அலுவலகங்களிலும் இதே கதைதான்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உப்புக் காற்றை. நெட்வொர்க் கேபிள் சொருகும் இடத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரியும். அது எரியவில்லை என்றால், சாஃப்ட்வேரைத் தொடவே வேண்டாம். கேபிளைக் கழற்றி அதன் முனையில் இருக்கும் எட்டுக் கம்பிகளைப் பாருங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் முனையை வெட்டிப் புதிது போட்டால் போதும். இல்லையென்றால் பக்கத்து சிஸ்டத்தின் கேபிளை மாட்டிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விளக்கு எரிகிறதா? அடுத்து அந்த கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரௌட்டரை அணைத்துப் போட்டால் பல சமயம் சரியாகிவிடும். திரையின் ஓரத்தில் இருக்கும் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள், சான்றிதழ் சரியில்லை என்று சொல்லித் திறக்காது. நெட் போய்விட்டது என்றே நாம் நினைப்போம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இன்னொரு சிஸ்டத்தின் ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால், கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெரும்பாலும் இது புது சிஸ்டம் வாங்கிய மறுநாள் நடக்கும். எல்லோரும் பழசைத் திட்டுவார்கள். உண்மையில் பேச மறுப்பது புதுசுதான்.

விண்டோஸில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றின் ஃபோல்டரைத் திறக்கப் பேசும் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 2001-ல் வந்த எக்ஸ்பி-க்கு அதன் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். அந்த முதல் பதிப்பைத்தான் 2017 அக்டோபரில் இருந்து மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுக்க ஆரம்பித்தது.

அது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த வருடம் நடந்த இரண்டு சம்பவங்கள் காட்டின. மே 12-ம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அது புகுந்தது இந்தப் பழைய எஸ்.எம்.பி.யில் இருந்த ஓட்டை வழியாக. 2014-லேயே கைவிட்ட எக்ஸ்பி-க்கும் அவசரமாக ஒட்டுப்போட வேண்டிய நிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு வந்தது.

அடுத்தது ஜூன் 27, ‘நாட்பெட்யா’. உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட்டில் ஒளிந்து கிளம்பிய இது, அதே ஓட்டையையும் பயன்படுத்திப் பரவியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் சிக்கியது. அதன் குழுமம் நடத்திய டெர்மினல் நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் இருந்தது, அதுவும் முடங்கியது. 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று மெர்ஸ்க் தலைவரே பின்னர் சொன்னார். துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் தெருக்களில் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால், சர்வீஸுக்கு வரும் பையன் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டுப் போகும் வேலை, அந்த முதல் பதிப்பை மறுபடி ‘ஆன்’ செய்வதுதான். கூடவே பாஸ்வேர்டையும் எடுத்துவிடுவார். ஃபோல்டர் திறக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். கம்பெனிக் கணக்கு முழுக்கப் பூட்டில்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

(அப்படி ‘ஆன்’ செய்ததும் சில நாளில் தானாகவே நின்றுபோவது உண்டு. 15 நாள் பயன்படுத்தாமல் விட்டால் விண்டோஸே அதைக் கழற்றிவிடும். பேய் பிசாசு எதுவும் இல்லை!)

பழைய சிஸ்டத்தில் இருப்பது விண்டோஸ் 7 என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். அதற்கு அடுத்த பதிப்பு தெரியும். அங்கே தகராறு பெரும்பாலும் பாஸ்வேர்டில்தான். 2024-ல் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத ஃபோல்டருக்குள் போக புது சிஸ்டங்கள் பொதுவாகச் சம்மதிப்பதில்லை. ஃபோல்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுடன் ஒரு யூசரை உருவாக்கி, அதையே இந்தப் பக்கம் கொடுத்தால் வேலை முடிந்தது. ‘நெட்வொர்க்’ பட்டியலில் பெயர் தெரியவில்லை என்றும் பதற வேண்டாம். ‘ரன்’ பெட்டியில் அந்த சிஸ்டத்தின் எண்ணை \\192.168.1.10 என்பதுபோல நேரடியாக அடித்துப் பாருங்கள். பல நேரம் கதவு திறந்தேதான் இருக்கும், பெயர்ப் பலகைதான் விழுந்திருக்கும்.

எக்ஸ்பி என்றால், என் யோசனை வேறு. அதை நெட்வொர்க்கில் சேர்க்கப் போராடாதீர்கள். கேபிளைக் கழற்றித் தனியாக வையுங்கள். பிரின்ட் அடிக்க மட்டும் இருக்கட்டும். அந்தப் பிரின்டரைப் புது சிஸ்டத்தோடு இணைக்க யு.எஸ்.பி. மாற்றுக் கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். எல்லா பிரின்டருக்கும் ஒத்துவராது, கடையிலேயே கேட்டு வாங்குங்கள். கணக்கை மட்டும் புது சிஸ்டத்துக்கு மாற்ற வேண்டும். எடுத்த பேக்கப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து, போன மார்ச் மாத இருப்பு சரியாக வருகிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிட்டு, அப்புறம் பழசை அணையுங்கள்.