மேலுமலையில் இறங்கும் ஜூல் வெர்ன்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியம். தெய்வமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். அவற்றுக்கு இடம் அடுத்த வரிசையில்தான். அறிவியல் புனைவு, மிகைபுனைவு, வெஸ்டர்ன் என்று புத்தகக் கடைகள் தனித்தனியாக அடுக்கிவைக்கும் நாவல்களைப் படிக்கையில் எனக்குக் கைகொடுப்பது இந்தப் பழைய அளவுகோல். விண்கலம், மந்திரவாதி, துப்பாக்கி எல்லாம் கருப்பொருள்கள். வேண்டிய மட்டும் செய்துகொள்ளலாம். அவை நிற்கும் தரை பொய்யென்றால் நூறு பக்கத்துக்குள் கதை உட்கார்ந்துவிடும். ஓசூரில் இருந்துகொண்டு படிப்பதால் இந்தப் பிடிவாதம் கொஞ்சம் கூடிப்போயிருக்கலாம். இங்கே சிப்காட் மதில் முடிகிற இடத்தில் பாறை தொடங்கிவிடுகிறது.

வெஸ்டர்ன் நமக்கு ஹாலிவுட் வழியே வந்ததைவிடச் சிவகாசி வழியே வந்தது அதிகம். முத்து, லயன் காமிக்ஸ்களில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்தவர்கள் இன்றைக்கும் புது வெளியீட்டுக்குக் காத்திருக்கிறார்கள். டெக்ஸ் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர். டைகர் பிரெஞ்சு மொழியில் ‘ப்ளூபெர்ரி’. அவரை வரைந்த ழான் ஜிரோதான் ‘மோபியஸ்’ என்ற பெயரில் அறிவியல் புனைவுச் சித்திரங்களும் வரைந்தார். இரண்டிலும் அதே வெட்டவெளி, அதே பாலை. அலமாரிகள் பிரித்துவைப்பதை ஓவியரின் கை ஒன்றாகவே பார்த்திருக்கிறது.

அண்மைக்கால வெஸ்டர்ன்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது டேயா ஓப்ரெட்டின் ‘இன்லேண்ட்’ (2019). அரிசோனாவில் 1893-ல் ஒரு வறட்சி. தண்ணீர் கொண்டுவரப் போன கணவன் திரும்பவில்லை. வீட்டில் மனைவி காத்திருக்கிறாள். இன்னொரு சரடில், அமெரிக்க ராணுவம் 1850களில் உண்மையிலேயே இறக்குமதி செய்த ஒட்டகங்களில் ஒன்று வருகிறது. துப்பாக்கியைவிடத் தண்ணீர்ப் பீப்பாய் முக்கியமாக இருப்பதால் நிலம் நம்பும்படி இருக்கிறது.

லாரி மெக்மர்ட்ரியின் ‘லோன்சம் டவ்’ (1985) சற்றுப் பழையது. அதில் ஓய்வுபெற்ற டெக்சாஸ் ரேஞ்சர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து மெக்சிகோவிலிருந்து குதிரைகளை ஓட்டிவருகிறார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் எடுத்தால் அவர்கள் கணக்கில் அது திருட்டே இல்லை. இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு, ஆநிரை கவர்வதைப் பாடும் வெட்சித் திணை நினைவுக்கு வராமல் போகாது. செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகற்களில் பல, மாடு கவர வந்தவர்களை எதிர்த்து மாண்டவர்களுக்கு எடுத்தவை. இரா. நாகசாமி 1972-ல் பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ இதற்கான முதன்மையான தொகுப்பு. மகேந்திரவர்மன் காலத்துக்கும் முந்திய கற்கள்கூட அதில் உண்டு. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். மழை குறைவு, மண் மெலிவு, மேய்ச்சல் நிலம் தாராளம். அப்படிப்பட்ட இடத்தில் செல்வம் நாலு காலில் நடக்கும். நடக்கிற செல்வத்தை ஓட்டிக்கொண்டு போகவும் முடியும். அரிசோனாவோ தருமபுரியோ, கதையை முதலில் எழுதுவது மழைமானிதான். ஒரு வேறுபாடு மட்டும் சொல்ல வேண்டும்: அமெரிக்க நாவலில் ஓட்டிவந்தவன் நாயகன், இங்கே கல் நின்றது பெரும்பாலும் மீட்கப் போனவனுக்கு.

அறிவியல் புனைவுக்கு வருகிறேன். லியூ சிஷினின் ‘மூன்று உடல் சிக்கல்’ சீனத்தில் 2008-ல் நூலானது. ஆங்கிலத்துக்கு வந்து 2015-ல் ஹியூகோ விருது பெற்றது. அதை எழுதியபோது லியூ ஒரு மின்நிலையத்தில் கணினிப் பொறியாளர். நம் சுஜாதாவும் ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். அவருடைய ‘என் இனிய இயந்திரா’ 2020களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. அந்த ஆண்டுகள் வந்து போய்விட்டன. இயந்திர நாய் ஜீனோவின் குறும்பு இன்னும் மங்கவில்லை. ஆனால் அந்த நாவலில் நிலம் என்று எதுவும் என் நினைவில் நிற்பதில்லை.

லியூவின் கற்பனை, மூன்று சூரியன்களுக்கு நடுவே அல்லாடும் ஒரு கோள். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அவற்றின் பாதையை நியூட்டன் முறையில் என்றென்றைக்குமாகக் கணித்துவிடலாம். மூன்றாவது சேர்ந்துவிட்டால் பொதுவான தீர்வு கிடையாது. தொடக்கத்தில் இம்மி பிசகினாலும் பின்னால் பாதையே மாறிவிடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாயின்காரே காட்டினார். இதுவரை சரி. ஆனால் லியூ காட்டும் ஆல்ஃபா சென்டாரி உண்மையில் இவ்வளவு கலவரமான இடம் இல்லை. அதன் இரண்டு பெரிய விண்மீன்கள் 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. மூன்றாவதான பிராக்சிமா வெகுதொலைவில், ஒரு சுற்றுக்கு 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு, ஒதுங்கிக் கிடக்கிறது. நாவலாசிரியர் மூன்றையும் நெருக்கிப் போட்டுக் கதையை நடத்திவிட்டார். மன்னிக்கலாம்.

அந்த நாவலில் வேற்றுலகத்தார் பூமியின் துகள் இயற்பியல் சோதனைகளைக் கெடுக்கிறார்கள். கிருஷ்ணகிரிக்கு வடக்கே, எல்லையைத் தாண்டியவுடன், அப்படிப்பட்ட சோதனை ஒன்று நிஜமாகவே நடந்த இடம் இருக்கிறது: கோலார் தங்கவயல். சினிமாவால் இப்போது வேறு விதமாகப் புகழ்பெற்ற அதே கே.ஜி.எஃப். வானிலிருந்து அண்டக் கதிர்த் துகள்கள் ஓயாமல் நம்மீது பொழிகின்றன. அவற்றுக்கு நடுவே நியூட்ரினோவைக் கண்டுபிடிப்பது திருவிழாக் கூட்டத்தில் முணுமுணுப்பைக் கேட்பதுபோல. எனவே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் இயற்பியலாளர்களும் 2 கிலோமீட்டருக்கும் ஆழத்தில் கருவிகளை வைத்தார்கள். மற்றத் துகள்களை மேலேயுள்ள பாறை மடக்கிக்கொண்டது. நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வந்தது. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை 1965-ல் முதன்முதலில் பதிவு செய்தவர்கள் இவர்களும், அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இருந்த குழுவும்தான். தங்கம் தேடித் தோண்டிய குழி வானத்தைப் பார்க்கும் கருவியாயிற்று. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

மிகைபுனைவில் நிலத்தை இவ்வளவு கருத்தாக எடுத்துக்கொண்டவர் என்று என்.கே. ஜெமிசினைத்தான் சொல்வேன். ‘ஐந்தாம் பருவம்’ (2015) என்று தொடங்கும் அவருடைய முத்தொகுதி 2016, 2017, 2018 என மூன்று ஆண்டும் தொடர்ந்து ஹியூகோ வாங்கியது. ஒரே பெருங்கண்டம், சதா குலுங்கும் பூமி, அந்தக் குலுக்கத்தை அடக்கவும் எழுப்பவும் தெரிந்த மனிதர்கள். அவர்களுடைய சக்தி சும்மா வருவதில்லை. சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சியே மலையை அசைக்க முடியும். உறிஞ்சிய இடம் பனிபிடித்து உறையும். மந்திரத்துக்கும் ஆற்றல் அழியாமை விதி பொருந்தும் என்று ஓர் எழுத்தாளர் முடிவெடுத்ததைக் கண்டு எனக்குக் கைதட்டத் தோன்றியது.

ஜெமிசின் அந்தப் பெருங்கண்டத்துக்கு வைத்த பெயர் ‘அசைவின்மை’. கிண்டலாகத்தான். அந்தப் பெயர் உண்மையிலேயே பொருந்துகிற நிலம் ஒன்று உலகில் உண்டென்றால் அது ஓசூரின் காலடியில் இருக்கிறது. தார்வார் பழம்பாறைத் தொகுதி என்று நிலவியலாளர்கள் சொல்லும் இந்தத் துண்டின் முதன்மையான உருவாக்கம் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. இமயம் எழுந்ததும் கண்டங்கள் சேர்ந்து பிரிந்ததும் எல்லாம் அதற்குப் பிறகு. இது அந்த ஊர்வலங்களில் பயணம் செய்ததே தவிர, குலைந்துபோகவில்லை.

அந்தக் காலடிக்குள் இறங்கிப் பார்க்கும் ஆசை பழையது. ஜூல் வெர்ன் ‘பூமியின் மையத்துக்குப் பயணம்’ நாவலை 1864-ல் எழுதினார். பேராசிரியர் ஒருவரும் மருமகனும் ஐஸ்லாந்தின் எரிமலை வாய் வழியே இறங்கி இத்தாலியில் வெளிவருகிறார்கள். அது ஏன் நடக்காது என்பதற்கு வெப்பமே போதும்: கண்டங்களில் கிலோமீட்டருக்குச் சுமார் 25 பாகை என்று ஏறிக்கொண்டே போகும். ரஷ்யாவின் கோலாவில் 1970-லிருந்து இருபதாண்டு வரை துளையிட்டு 12,262 மீட்டர் எட்டினார்கள். அடியில் 180 பாகை. அதோடு நிறுத்த வேண்டியதாயிற்று. மனிதர் போட்ட துளைகளில் அதைவிட ஆழம் போனது இல்லை.

பெங்களூருவில் பஸ் ஏறி ஓசூர், சூளகிரி, மேலுமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி என்று 44ஆம் எண் சாலையில் வருபவர் அந்த ஆழத்தை ஜன்னல் ஓரத்திலேயே கடந்துவிடுகிறார். வழிநெடுகத் தெரியும் பாறைகள் ஒரே ஆழத்தில் உருவானவை அல்ல. வடக்கே இருப்பவை சுமார் 18 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் இறுகியவை. தெற்கே வர வர அது 25 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. மேலுமலைச் சரிவில் பஸ் இறங்குவது சில நூறு மீட்டர்தான். பாறைக் கணக்கில் பயணம் முழுவதும் கிலோமீட்டர் கணக்காக இறங்குகிறோம். இந்தப் பகுதி முழுவதும் பழங்காலத்தில் வடக்கு நோக்கிச் சாய்ந்துவிட்டது, தெற்கு தூக்கிக்கொண்டது, தூக்கிய பக்கத்தை மழையும் ஆறும் அதிகமாகத் தேய்த்துவிட்டன. ஆகவே ஒருகாலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த அடுக்குகள் இப்போது பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

ஆழத்தை எப்படி அளந்தார்கள்? தாதுக்களைக் கேட்டுத்தான். கார்னெட்டும் பிளேஜியோகிளேஸும் ஒரே பாறையில் சேர்ந்து விளையும்போது கால்சியத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அழுத்தம் கூடக் கூட, நெருக்கமான கட்டமைப்புள்ள கார்னெட்டின் பங்கு கூடும். இந்த விகிதத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து, பிறந்த ஆழத்தைச் சொல்லிவிடலாம். கணக்கு அதோடு முடியவில்லை. மேலிருந்த 25 கிலோமீட்டர் பாறை போன பிறகும் நம் காலுக்கடியில் இன்னும் 35 கிலோமீட்டருக்கு மேல் மேலோடு மிச்சமிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 60. அவ்வளவு தடித்த மேலோட்டை இன்று திபெத் போன்ற இடங்களில்தான் பார்க்க முடியும். ராகிக் கொல்லைக்கு மேலே ஒரு திபெத் நின்றிருக்கக்கூடும். எந்த மிகைபுனைவிலும் இவ்வளவு பெரிய மலையை இவ்வளவு சத்தமில்லாமல் காணாமலடித்ததை நான் படித்ததில்லை.

ஓசூருக்கு மேற்கே, கனகபுரா பக்கத்தில், கப்பால்துர்கா என்றொரு குன்று. அங்கே குவாரி வெட்டிய முகப்பில் வெளிர்நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளும் கீற்றுகளும் ஓடுவதை நிலவியலாளர் சி.எஸ். பிச்சமுத்து கண்டார். அந்தத் திட்டுகள் சார்னோக்கைட். சென்னை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் அதே இனம். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் கிடந்த கல்லைப் பார்த்துத் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். பிச்சமுத்து கண்டது பாதியில் நின்றுபோன ஒரு மாற்றம்: ஒருவகைப் பாறை இன்னொன்றாக ஆகிக்கொண்டிருந்தபோதே உறைந்துவிட்டது. 1960-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அதன்பின் உலகெங்கிலுமிருந்து நிலவியலாளர்கள் அந்தக் குவாரிக்கு வந்தார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி வரை இந்த மாற்றம் நடந்த மண்டலத்தைச் சாலையோரப் பாறை பாறையாகப் பார்த்தார்கள்.

நடந்தது என்ன என்பதில் ஓரளவு தெளிவு உண்டு. ஹார்ன்பிளெண்ட், பயோடைட் ஆகிய தாதுக்கள் தம் படிகத்துக்குள் நீரை வைத்திருப்பவை. 700 பாகைக்கு மேல் சூடேறியபோது அந்த நீர் பறிபோய், நீரற்ற பைராக்சீன் விளைந்தது, பாறை கறுத்தது. நீரைப் பறித்தது யார் என்பதில்தான் சண்டை. ஆழத்திலிருந்து மேலேறிய கார்பன் டை ஆக்சைடு விரிசல் வழியே புகுந்து நீரை நீர்த்துப்போகச் செய்தது என்கிறது ஒரு தரப்பு. தாதுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளில் அந்த வாயு இன்னும் அடைபட்டிருப்பது அவர்களுக்குச் சாட்சி. பாறையின் ஒரு பகுதி உருகி, அந்த உருகுதான் நீரை வாங்கிக்கொண்டு மேலே போயிற்று என்கிறது மறுதரப்பு. உப்புநீரும் சேர்ந்தே வந்தது என்போரும் உண்டு. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வழக்கு முடியவில்லை. நுண்ணோக்கியும் கப்பால்துர்காவின் சில்லுமாக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.