சிறைவிடு காதையில் மன அமைதி

மன அமைதிக்குப் பௌத்தம் கூறும் வழியை அறிய விழைவோர்க்குச் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 'சிறைவிடு காதை' ஒன்றே போதும் என்பது நம் கருத்து.

மகன் உதயகுமரனை இழந்த சோழமாதேவி, அவன் சாவுக்கு மணிமேகலையே காரணம் எனக் கருதுகிறாள். பித்தேற்றும் மருந்தை ஊட்டுகிறாள். நோயுற்றாள் எனப் பொய்கூறி அறையில் அடைத்து உணவை மறுக்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தவளுக்கே இந்நிலை! மணிமேகலையோ சினந்தாளில்லை. அஞ்சி நடுங்கிய தேவியிடம் அவள் வினவுகிறாள்: அழுதது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கெனில், அதனைச் சுடுகாட்டில் இடுவித்தவர் யார்? உயிருக்கெனில், அது புகுந்த இடம் அறிதற்கரிது. அவ்வுயிரிடத்து அன்புண்டாயின் எல்லா உயிர்க்கும் இரங்கல் வேண்டுமன்றோ?

துயரை அடக்குக என்று அவள் கூறவில்லை. ஒருவனிடம் குறுகிநின்ற அன்பை விரிக்கச் சொல்கிறாள். பற்றே துன்பத்தின் வேர் என்னும் புத்தர் போதனை இங்கே வீட்டு வழக்காகிவிடுகிறது. மறுபிறப்புக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. எனினும், மையித்து வீட்டில் நம் பெரியோர் 'ஸபுர் செய்யுங்கள்' என்று கூறும் சொல்லுக்கு இஃது அயலன்று.

(வீரசோழன் என்னும் நம் ஊர்ப்பெயர், 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியத்தை நினைவூட்டும், தொடர்புண்டு என்று நாம் கூறவரவில்லை.)

தெளிவுற்ற தேவி மணிமேகலையை வணங்குகிறாள். 'அது தகாது, நீர் என் காதலனைப் பெற்ற தாய், அரசனின் தேவி' என்று தடுத்து, துன்புறுத்தியவளை மணிமேகலையே எதிர்வணங்குகிறாள்.