வாளியில் துரு, இலையில் வெளுப்பு

துர்கா பூஜை நெருங்கிவிட்டது. சாமந்தியைக் கடைசித் தொட்டிக்கு மாற்றும் வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். 1820-ல் வில்லியம் கேரி தொடங்கி, இப்போது கொல்கத்தாவின் அலிப்பூரில் இயங்கும் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் மலர்க் கண்காட்சிக்குத் தொட்டி அனுப்புகிறவர்களுக்கு இது தள்ளிப்போட முடியாத கெடு. ஆனால் லேக் மார்க்கெட் பக்கத்து மொட்டைமாடிகளிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கறிவேப்பிலை, இட்லிப்பூ, கந்தராஜ் பற்றித்தான். கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றே. அடுக்குமாடியின் ஆழ்குழாய்த் தண்ணீரில் வாளியே துருவேறிச் சிவந்து கிடக்கிறது; உரக்கடைக்காரரோ செடிக்கு இரும்பு போதவில்லை என்கிறார். இதில் எது சரி?

இரண்டும் சரி.

முதலில் இலையைப் பாருங்கள். புதுத்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக வலை பின்னியது போல் நின்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. அடியிலிருக்கும் பழைய இலை மஞ்சளானால் அது வேறு நோய். மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

நிலத்தடியில் காற்று இல்லாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும். மோட்டார் அதை மேலே இழுத்துக் காற்றோடு சேர்த்ததும் துருவாகி அடியில் படிந்துவிடுகிறது. வாளியில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். செடிக்கு அது செங்கல் பொடி மாதிரி. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீரோடு தொட்டிக்குப் போவது பைகார்பனேட். குற்றவாளி அதுதான்.

இட்லிப்பூவின் வேர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. இரும்பு குறைந்ததும் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கசியவிட்டு, துருவில் கொஞ்சத்தைக் கரைத்து, வேர்ப்பரப்பிலுள்ள ஒரு நொதியால் அதை உறிஞ்சத்தக்க வடிவுக்கு மாற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண மண்ணில் இந்த ஏற்பாடு பிசகுவதில்லை. சுண்ணாம்பு மண்ணில் வேர் விடும் அமிலத்தை, விட்ட இடத்திலேயே பைகார்பனேட் விழுங்கிவிடுகிறது. செடி மறுபடி விடும், மறுபடி போகும். மண்ணின் எடையில் நூற்றுக்குச் சில பங்கு இரும்புதான். அத்தனைக்கும் நடுவில் செடி பட்டினி கிடக்கிறது. அதே தொட்டியில் தானாக முளைத்த புல் மட்டும் பச்சையாக நிற்பது உங்களுக்கு எரிச்சலூட்டியிருக்கலாம். புல்லினத்தின் வழி வேறு: இரும்பைக் கவ்விவரும் ஒரு சேர்மத்தையே வேர் வெளியே அனுப்புகிறது. ஓட்ஸ், நெல் வேர்களைக் கழுவிய நீரில் அப்படிப்பட்ட சேர்மம் இருப்பதை ஜப்பானியரான தகாகி 1976-ல் எழுதினார். அந்த வேலைக்கு அமிலம் தேவையில்லை, அதனால் பைகார்பனேட்டுக்கு விழுங்க ஒன்றுமில்லை.

கங்கை வண்டல் நிரப்பிய தொட்டியில் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் மண்ணிலேயே உண்டு. மீதி, இடித்த வீடுகளிலிருந்து. இந்தப் பகுதியின் பழைய வீடுகள் சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் பொடியும் குழைத்துக் கட்டியவை. மாடியில் தண்ணீர் இறங்காமல் போடும் ஜல்ச்சாத் தளமும் அதே கலவை. அந்த இடிபாடு கலந்த மண் தொட்டிக்குள் வருகிறது. ஒரு சிட்டிகை மண்ணில் வினிகர் நாலு சொட்டு விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது.

இதை அரசின் மண்வள அட்டை சொல்லாது. 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய அந்தத் திட்டம் 12 அளவுகளைத் தருகிறது. பி.எச். உண்டு, இரும்பு உண்டு. சுண்ணாம்பின் அளவு பட்டியலிலேயே இல்லை. ஆகவே இலை வெளுத்த வயலுக்கும் 'இரும்பு போதுமானது' என்று அட்டை வரலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சுண்ணாம்பு மண்ணுக்கு இரும்பின் எல்லைக்கோட்டைத் தனியாக உயர்த்தி வைத்திருப்பது சும்மா அல்ல.

உரப்பொட்டலத்தின் சங்கதியும் இப்படித்தான். 1985-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி 'செலேட்டட்' இரும்பு இ.டி.டி.ஏ. வடிவில் 12 சதவீதம் இருக்க வேண்டும். இருக்கும், பொட்டலத்துக்குள். சுண்ணாம்பு மண்ணில் ஊற்றினால் இ.டி.டி.ஏ. இரும்பைக் கைவிட்டுக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு மறுபடி துரு. சான்று பொய்யல்ல, உங்கள் தொட்டிக்கு அது உதவாது, அவ்வளவுதான். கார மண்ணில் தாங்குவது இ.டி.டி.எச்.ஏ.; நடுவில் 'எச்' இருக்கிறதா என்று பாருங்கள். கரைசல் ரத்தச் சிவப்பாக இருக்கும், விலையும் அதிகம்.

மலிவான வழி அன்னபேதி. இங்கே ரசாயனக் கடையில் 'ஹிராகஷ்' என்று கேளுங்கள். ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி. வெளிர்பச்சையாக இருந்தால் மாலையில் இலைமேல் தெளிக்கலாம், பழுப்பேறிவிட்டால் கொட்டிவிடுங்கள். சொட்டு விழுந்த இடம் மட்டும் புள்ளி புள்ளியாகப் பச்சை திரும்பும். ஓர் இலையின் இரும்பு அடுத்த தளிருக்குப் போகாது என்பதால் புதுத்தளிருக்குப் புதுத் தெளிப்பு.

மற்ற கேள்விகள்:

எலுமிச்சைச் சாறு ஊற்றலாமா? 10 கிலோ மண்ணில் 5 சதவீதம் சுண்ணாம்பு இருந்தால் அதைத் தீர்க்கப் பத்து லிட்டருக்கும் மேல் சாறு வேண்டும்.

கந்தகத்தூள்? அதே தொட்டிக்கு 160 கிராம்; அவ்வளவைத் தாங்கும் கறிவேப்பிலையை நான் பார்த்ததில்லை.

புளித்த மோர்? கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல்? இரண்டும் எதிர்த்திசை.

எலும்புத்தூள்? பாஸ்பேட் கூடினால் இரும்பு இன்னும் முடங்கும்.

கடுகுப் பிண்ணாக்கு ஊறல்? தாராளமாக, அதன் அமோனியா மண்ணில் மெல்ல அமிலம் தரும்.

ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர்? மழைநீருக்கு அடுத்தபடி அதுதான்.

ஆர்.ஓ. கழிவுநீர்? பைகார்பனேட்டைச் சுண்டக் காய்ச்சியது, வேண்டாம்.

கந்தராஜ் எலுமிச்சைக்கும் இதே நோயா? ஆம், பூச்செடி கந்தராஜுக்கும் ஆம்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் எதை வைப்பது? அரளி, மாதுளை, அத்தி. கறிவேப்பிலை கீழே மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.