கொக்கியில் ஒரு கீறல்

அக்கா மகனுக்குத் தொட்டில் கட்ட வீட்டிலிருந்த பழைய ஸ்பிரிங்கை எடுத்தேன். கொக்கி வளைவில் மெல்லிய கீறல்! இயந்திரவியல் படிக்கும் எனக்குத் திக்கென்றது.

இது இழுவை ஸ்பிரிங். எடை ஏற ஏறச் சுருள்கள் விலகி நீளும். அளவு மீறினால் பழைய நீளத்துக்குத் திரும்பாது. பெரும்பாலும் கொக்கிதான் முதலில் முறியும். முறிந்தால் பாரம் கீழே விழும்.

டிராபார் ஸ்பிரிங் வேறு வகை. அமுங்கும் சுருளுக்குள் இரண்டு கம்பி வளையங்களை எதிரெதிராகக் கோத்திருப்பார்கள். இழுத்தால் சுருள் நீளாது, அமுங்கும்; முழுதும் அமுங்கியதும் நின்றுவிடும். சுருள் உடைந்தாலும் துண்டுகள் கம்பிகளுக்கிடையே சிக்கிப் பாரத்தைத் தாங்கும்.

ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு எடை, எவ்வளவு நீட்சி என்று பார்ப்போம். உடைந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள்.

பழையதைக் குப்பையில் போட்டேன். அன்று மருமகன் பாட்டி மடியில்தான் தூங்கினான்.