நினைவுக்கு ஒரு முடிச்சு



மறக்கக் கூடாத காரியம் ஏதேனும் இருந்தால், நம் பாட்டிமார் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள். தைப்பூசத்திற்குக் காவடி எடுப்பவர் கையில் காப்புக் கட்டிக்கொள்கிறார். அது கையில் இருக்கும் வரை தம் விரதத்தை அவர் மறப்பதில்லை. இதே எண்ணத்தோடு ஆடையில் முடிச்சுப் போடுகிறவர்கள் யூதர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பாசிர் கூடாங் கரையில் நின்றால் நீரிணைக்கு அப்பால் தெரிவது சிங்கப்பூர். அங்கே வாட்டர்லூ தெருவிலுள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்கு உங்களில் சிலர் போயிருப்பீர்கள். அதே தெருவில் 1878ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட யூதர் ஆலயமும் இருக்கிறது. 1955இல் சிங்கப்பூரின் முதலாவது முதலமைச்சரான டேவிட் மார்ஷல் ஒரு யூதரே.

யூத ஆண்கள் காலைத் தொழுகையின்போது தோளில் ஒரு போர்வை போர்த்துவார்கள். அதன் நான்கு மூலைகளிலும் நூல் தொங்கல்கள் இருக்கும். எபிரேய மொழியில் அவற்றைச் 'சிட்சித்' என்பார்கள். சட்டைக்குள் அணியும் சிறிய ஆடையிலும் இவை உண்டு.

இதைக் கட்டும் முறையைக் கேளுங்கள். துணியின் மூலையில் ஒரு துளை இடுவார்கள். நான்கு நூல்களை அதில் கோத்து மடித்தால் எட்டு இழைகளாகும். நீளமான ஓர் இழையால் மற்ற ஏழையும் சுற்றி, இடையிடையே ஐந்து இரட்டை முடிச்சுகள் போடுவார்கள்.

நம் தமிழில் 'க' என்றால் ஒன்று, 'உ' என்றால் இரண்டு என்று எழுத்தால் எண்ணைக் குறித்தது போல, எபிரேய எழுத்துகளுக்கும் எண் மதிப்பு உண்டு. சிட்சித் என்ற சொல்லின் மதிப்பு 600. அதனோடு எட்டு இழைகளையும் ஐந்து முடிச்சுகளையும் கூட்டினால் 613. யூத வேதத்தின் கட்டளைகள் 613 என்பது அவர்கள் மரபு.

முற்காலத்தில் ஒரு நூலுக்கு மட்டும் கடல் நத்தையிலிருந்து எடுத்த நீலச் சாயம் ஏற்றினார்கள். நாளடைவில் அந்தத் தொழில் மறைந்துபோனதால், வெள்ளை நூலே பெரும்பாலும் வழக்கமாயிற்று. அண்மைக் காலத்தில் சிலர் மீண்டும் நீல நூலைக் கட்டுகிறார்கள்.

தொங்கலைக் கண்ணால் கண்டு கட்டளைகளை நினைக்க வேண்டும் என்கிறது எண்ணாகமம் என்னும் வேதப் பகுதி. எகிப்தில் அடிமைகளாய் இருந்தவர்களை இறைவன் மீட்டு வந்ததையும் அதே இடத்தில் அது நினைவூட்டுகிறது.

ஆனால் நினைவூட்டும் முடிச்சு இருந்தும் மனிதன் மறந்துபோவதுண்டு. கேரளத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட யூதர் ஆலயம் இருக்கிறது. அங்கே, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று கருதப்பட்ட யூதர்களுக்கு உள்ளே ஆசனத்தில் அமர உரிமை இல்லாதிருந்தது. வேதம் ஒன்று, தொங்கல் ஒன்று. உட்காரும் இடம் மட்டும் வேறு. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சாலேம் (1882–1967) காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் போராடினார். மெல்ல மெல்லத் தடைகள் தளர்ந்தன. இன்று ஆலயத்திற்குச் செல்லும் அந்தத் தெரு அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதைக் கேட்கும்போது நம் கதையும் நினைவுக்கு வரவில்லையா? மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது 1939இல்தான். நம் முன்னோரில் பலர் அந்த வாசல் திறக்கும் முன்பே கப்பலேறி மலாயாவுக்கு வந்துவிட்டவர்கள்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளுக்குக் காப்புக் கட்டும்போது, அது எதற்காக என்பதையும் சொல்லிக் கட்டுங்கள். பந்தியிலும் கோயிலிலும் எவரையும் ஒதுக்காமல் இருப்பதும் அந்த விரதத்தில் சேர்ந்ததே என்று சொல்லுங்கள். கயிறு ஒருநாள் அவிழ்ந்துவிடும். சொல்லிக் கொடுத்தது நிற்கும்.