கோணல் படிகம்

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டாதவர் யார்? அந்த உறைந்த எண்ணெயைத் தலைமுடியின் பருமனில் நானூற்றில் ஒரு பங்காக, அதாவது 200 நானோமீட்டர் அளவுக்குப் பொடித்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒவ்வொரு துணுக்கிலும் மருந்தை ஒளித்துவைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தோலுக்கு மருந்து சுமக்கும் கொழுப்பு நானோ துகள் ஏறக்குறைய அதுதான். தேங்காய் எண்ணெய் மட்டும் இதற்கு ஆகாது. உள்ளங்கைச் சூட்டிலேயே இளகிவிடும். ஸ்டியரிக் அமிலம் போல, உடம்புச் சூட்டிலும் கெட்டியாக நிற்கிற கொழுப்பு வேண்டும்.

இத்தனை பாடும் தோலின் மேலடுக்கை ஏமாற்றத்தான். 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான், காவலோ பலம். செத்த செல்கள் செங்கல்லாக அடுக்கியிருக்க, இடையில் செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் காரையாகப் பூசியிருக்கும். 500 டால்டனுக்கு மேற்பட்ட எடையுள்ள மூலக்கூறுகள் இதைத் தாண்டுவது அபூர்வம்.

கொழுப்பை உருக்கி, மருந்தைக் கரைத்து, அதே சூட்டிலுள்ள நீரில், கொழுப்பும் நீரும் பிரியாமல் காக்கும் பால்மமாக்கியோடு கலக்கி, ஹோமோஜெனைசரில் 500 பார் அழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே பீய்ச்சுவார்கள். பாலில் கொழுப்பு பிரிந்து மிதக்காதிருக்கப் பால் பண்ணைகளில் ஓடும் அதே வகை இயந்திரம். ஆறினால் துகள்கள் உறையும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ரைனர் முல்லரும் டூரினில் மரியா காஸ்கோவும் இத்துகள்களை உருவாக்கும் வழிகளைக் கண்டனர்.

சிக்கல் பிறகுதான் தெரிந்தது. நாளாக ஆக, கொழுப்பு மூலக்கூறுகள் ஒழுங்காக நெருங்கி அடுக்கிக்கொள்ளும். இடமில்லாத மருந்து வெளியே தள்ளப்படும். முல்லர் குழு கெட்டிக் கொழுப்பில் கொஞ்சம் எண்ணெயைக் கலந்தது. அடுக்கு கோணலானது. அந்தக் கோணலின் சந்துபொந்துகளில் மருந்து குடியிருந்தது. படிகம் எவ்வளவு கெடுகிறதோ அவ்வளவுக்கு மருந்துக்கு நல்லது! 2005இல் இந்த வகையிலான அழகு க்ரீம் ஜெர்மனியில் விற்பனைக்கே வந்துவிட்டது.

விளம்பரங்களில் நானோ துகள் தோலைத் துளைத்து இறங்குவதாகப் படம் போடுவார்கள். நம்ப வேண்டாம். பெரும்பாலும் துகள் மேலேயே ஒட்டி மெல்லிய படலமாகிறது. நீர் ஆவியாவது குறைந்து தோல் ஊறுகிறது. காரை நெகிழ, மருந்து மட்டும் கசிந்து இறங்குகிறது.

ஒரு பக்கவாசலும் உண்டு: மயிர்க்கால். அந்தக் குழியில் இறங்கிய துகள் சட்டென்று வெளியேறாது, உட்கார்ந்து மருந்தை விடும். முகப்பரு முளைப்பதும் அங்கேதான். முகப்பருவுக்குப் பூசும், ஆனால் தோலை எரியவைக்கும் ட்ரெட்டினாயினை அதனால்தான் இப்படிப் பொதிந்து அனுப்பிப் பார்க்கிறார்கள்.