மேடைக்கு வராத மாணவி



பாடசாலைப் பரிசளிப்பு விழா எப்படியிருக்கும் என்பது உங்களுக்கு நன்கு தெரியும். கிராஅத்துடன் நிகழ்ச்சி தொடங்கும். அதிபர் ஆண்டறிக்கை வாசிப்பார். இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்மொழித் தினப் போட்டி, மீலாத் பேச்சுப் போட்டி என்று அவ்வாண்டின் நிகழ்வுகள் ஒவ்வொன்றாக வரும். கடைசியில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சிறந்த பெறுபேறு பெற்றவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். தன் பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும்போது ஒரு தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும்! பரிசு பிள்ளைக்கா, தாய்க்கா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

கொட்டாஞ்சேனைப் பகுதியில் நடந்த அத்தகைய விழா ஒன்றில் ஒரு மாணவியின் பெயர் வாசிக்கப்பட்டது. எட்டுப் பாடங்களில் ஏ, ஒன்றில் பீ. கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் ஏ. மண்டபம் முழுவதும் கைதட்டியது. ஆனால் மாணவி மேடைக்கு வரவில்லை. அவளுடைய உம்மாதான் வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டார்.

அப்பிள்ளைக்கு இஸ்லாம் பாடம் கற்பித்தவன் நான். விழா முடிந்ததும் அந்தத் தாய் என்னைத் தேடி வந்தார்.

"மௌலவி, இதக் கண்டா புள்ள அழுவா. அதுதான் அவளக் கூட்டிட்டு வரல்ல" என்றார்.

பெறுபேறு வந்த கையோடு அவளுடைய படிப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் சிறு வியாபாரம். டியூஷன் செலவு ஒரு பக்கம். "குமரை எவ்வளவு காலம் வெளியே அனுப்புவது?" என்ற உறவினரின் பேச்சு மறுபக்கம். அந்த வீட்டில் எவரும் பிள்ளைக்குத் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். எல்லோரும் அவளது நலனையே நாடினார்கள். ஆயினும் ஒரு பிள்ளையின் கல்வி பாதி வழியில் நின்றுவிட்டது.

ஆம், சகோதரிகளே, சாதாரண தரம் பாதி வழிதான். அதில் ஒன்பது பாடங்கள் இருக்கலாம், ஒன்பதிலும் ஏ இருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்குச் செல்லவும், கல்வியியற் கல்லூரியில் பயின்று ஆசிரியையாகவும், அரச தாதியாகப் பயிற்சி பெறவும் உயர்தரம் வேண்டும். சாதாரண தரத்துடன் நிறுத்தினால் கேடயம் அலுமாரியில் இருக்கும், பிள்ளையின் திறமையும் அதனோடு பூட்டப்பட்டுவிடும்.

நமது வழக்கத்தை நாமே சற்று யோசித்துப் பார்ப்போம். மகளுக்குப் பிரசவம் என்றால் பெண் டாக்டர் இருக்கிறாரா என்று விசாரிக்கிறோம். வயது வந்த பெண் பிள்ளைக்கு விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியை வேண்டும் என்கிறோம். இரண்டும் நியாயமான விருப்பங்களே. ஆனால் நம் வீட்டுப் பிள்ளையை பதினாறு வயதில் நிறுத்திவிட்டு, அந்த டாக்டரும் ஆசிரியையும் யார் வீட்டிலிருந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

இந்தத் தயக்கம் புதிதன்று. அறிஞர் சித்திலெப்பை, ஒறாபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் முயற்சியால் மருதானையில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை 1892 இல் தொடங்கியது. அங்கே நம் ஆண் பிள்ளைகள் படித்தார்கள். பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தோன்றியதோ 1946 இல். இடையில் 54 ஆண்டுகள்! வெள்ளவத்தையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள அக்கல்லூரியின் முதல் அதிபர் ஆயிஷா ரவூப் அவர்கள். கேரளத்திலிருந்து வந்த முஸ்லிம் பெண்மணி. 1970 வரை அக்கல்லூரியை நடத்திய அவர், கொழும்பு மாநகர சபையின் உறுப்பினராகவும் பிரதி மேயராகவும் இருந்தார். அவர் தாங்கிய பெயருக்குரிய அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ 2210 ஹதீஸ்களை நமக்கு அறிவித்தவர்கள். பெரும் ஸஹாபாக்களும் அவர்களிடம் மார்க்க விளக்கம் கேட்டார்கள். கற்ற பெண்ணைக் கண்டு அஞ்சிய சமுதாயமல்ல அது.

"செலவுக்கு என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசம். பாடநூல்கள் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கிடைத்து வருகின்றன. மீதிச் சுமை டியூஷனும் பயணமும்தான். அதற்காகவே அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945 இலேயே இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவி, வசதியற்ற மாணவர்களுக்குக் கைகொடுக்க வழி செய்தார். வசதியுள்ள சகோதரிகளே, உங்கள் ஸதக்காவில் ஒரு பங்கை அடுத்த தெருப் பிள்ளையின் டியூஷனுக்கு ஒதுக்குங்கள். அவள் பெயர் எவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பாதுகாப்பைப் பற்றிய கவலையும் உண்மையானதே. ஒரே தெருவிலுள்ள இரண்டு மூன்று பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம். தாய்மார் முறை வைத்துக் கூட்டிச் செல்லலாம். வீட்டிலும் சிறிது உதவுங்கள். ஸுபஹுக்குப் பின் ஒரு மணி நேரம் பிள்ளையைச் சமையலறைக்கு அழைக்காதீர்கள். விருந்தாளி வந்தால் தேநீர் ஊற்ற மகனையும் பழக்குங்கள்.

கேடயத்துடன் நின்ற அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் நான் சொல்லவில்லை. "கேடயத்தைக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் கொடுங்கள். அவள் அழட்டும். வாப்பா அதைப் பார்க்கட்டும்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரத்தின் பின் தாய், தந்தை, மகள் மூவரும் அதிபரின் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாப்பா தலையைக் குனிந்தபடி, "இடம் இருக்குமா, சேர்?" என்று கேட்டார். அதிபர் சிரமப்பட்டு இடமளித்தார். இன்று அவள் தன்னைவிட ஒரு வயது குறைந்த மாணவிகளுடன் உயர்தர வகுப்பில் இருக்கிறாள். இழந்த ஓராண்டை ஈடுசெய்ய இரவில் விழித்திருந்து படிக்கிறாளாம். உம்மாவும் கூடவே விழித்திருக்கிறாராம். பெறுபேறு எப்படி அமையும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

சகோதரிகளே, அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு நீங்களும் போவீர்கள். உங்கள் மகளின் பெயர் வாசிக்கப்பட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லுங்கள். வீடு திரும்பும் வழியில், அடுத்து என்ன படிக்க விரும்புகிறாள் என்று அவளிடமே கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை வாப்பாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நம் பெண் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.